பினோக்கியோவின் பசி: சிறுவர் செவ்விலக்கியம் பற்றிய ஒரு நோக்கு

சிறுவர்க்குரிய செவ்விலக்கியங்களின் பயன் யாது என்னும் வினா எழும்போதெல்லாம் ‘நீதிபோதனை’ என்ற விடையே முந்திக்கொண்டு வருவதைக் காண்கிறோம். பொய் சொன்னால் மூக்கு நீளும் என்பதற்கு மேலாகப் ‘பினோக்கியோ’ பற்றி நம்மிற் பலர் அறிந்திருப்பது சிறிதே. மேற்படி விடையின் போதாமையை அந்நூலை ஆதாரமாகக் கொண்டு இங்கு நோக்குவோம்.

கொலோடி என்னும் புனைபெயர் கொண்ட கார்லோ லொரென்சினி (1826–1890) இத்தாலியின் புளோரன்ஸ் நகரிற் பிறந்தவர். பிரபு குடும்பமொன்றின் சமையற்காரருடைய மகன். 1861இல் இத்தாலி ஒரே அரசாகியபோது மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எழுத்தறிவற்றிருந்தனர். 6 முதல் 9 வயது வரையான கல்வியைக் கட்டாயமாக்கிய சட்டம் 1877இல் வந்தது. சட்டம் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்தது; அப்பிள்ளையின் வீட்டில் அடுப்பெரிய அது வழி செய்யவில்லை. இம்முரண்பாட்டின் நடுவேதான் 1881இல் ஒரு சிறுவர் இதழில் இக்கதை தொடராக வெளிவரத் தொடங்கிற்று, 1883இல் நூலாயிற்று.

நூலின் உள்ளே பசியே எங்கும் பரவிக் கிடக்கிறது. பாவையைச் செதுக்கிய கிழவன் ஜெப்பெத்தோவின் அறையில் எரியும் அடுப்பும் கொதிக்கும் பானையும் சுவரில் தீட்டிய ஓவியங்களே. பசியோடு பானையைத் திறக்க ஓடிய பினோக்கியோ அது வெறும் சித்திரம் எனக் கண்டு திகைக்கும்போது அவன் மூக்கு நான்கு விரற்கடை நீள்கிறது. ஆங்கு அவன் பொய்யெதுவும் கூறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. பின்னர், பனி பெய்யும் நாளில் தன் ஒரே மேலங்கியை விற்று மகனுக்கு அரிச்சுவடி வாங்கி வருகிறான் கிழவன். அங்கி எங்கே என வினவியபோது, புழுக்கமாயிருந்ததால் விற்றேன் என்கிறான். வறுமையின் மானத்தை இதனினும் சுருக்கமாகச் சிறுவர்க்கு உணர்த்துதல் அரிது.

நீதி பற்றிய சித்திரிப்பும் இத்தகையதே. தன் பொற்காசுகள் களவுபோயின என முறையிட்ட பினோக்கியோவையே கொரில்லா நீதிபதி சிறையிலடைக்கிறார். பொதுமன்னிப்பு வந்தபோது குற்றவாளிகளுக்கே விடுதலை என்பதால், தானும் ஒரு குற்றவாளியே எனச் சொல்லித்தான் அவன் வெளியேற முடிகிறது. சட்டம் யார் பக்கம் நிற்கிறது என்பதைச் சிரித்துக்கொண்டே சிறுவன் அறிந்துகொள்கிறான்.

எனினும் கொலோடியைப் புரட்சியாளராக நாம் காட்ட வேண்டியதில்லை. பாவை மரத்திலே தூக்கிலிடப்படுவதோடு 15ஆம் அத்தியாயத்திற் கதையை முதலில் முடித்திருந்த அவர், 1882இல் அதனைத் தொடர்ந்து, 36ஆம் அத்தியாயத்திற் கீழ்ப்படிவுள்ள நல்ல பையனாக அவனை மாற்றுகிறார். உழைத்து அடங்கி நடந்தால் உயரலாம் என்னும் மத்தியதர வர்க்க நம்பிக்கை இங்கு வெளிப்படை. ஆயினும் அதே அத்தியாயத்தில், ஒரு கோப்பைப் பாலுக்காக நீரிறைக்கும் சூத்திரத்தைப் பினோக்கியோ சுற்றுகிறான். முன்பு அதனைச் சுற்றிய கழுதை தொழுவத்தில் இறந்துகொண்டிருக்கிறது. அக்கழுதை, அவனோடு உருமாறிய பள்ளித் தோழனே. ஒருவன் உயர்ந்தான், மற்றவன் மாண்டான். ஆசிரியரின் கருத்து மறைக்க முயல்வதை அவரது யதார்த்த நோக்கு வெளிப்படுத்திவிடுகிறது.

1940இல் வெளிவந்த வோல்ட் டிஸ்னியின் திரைப்படத்தில் ஜெப்பெத்தோவின் அறை கடிகாரங்களும் பொம்மைகளும் நிறைந்த கதகதப்பான பட்டறையாயிற்று. விற்ற அங்கியுமில்லை, கொரில்லா நீதிபதியுமில்லை. எஞ்சியது நீளும் மூக்கும் அதன் நீதியுமே. சிறுவர்க்கு ஒவ்வாதன என்று கூறி இவற்றைக் களையும் சுருக்கப் பதிப்புகளும் இதே பணியைச் செய்கின்றன.

பசித்த பிள்ளை, தன் பசி தன் குற்றமன்று என இந்நூலிற் கண்டுகொள்ளலாம். பசியறியாத பிள்ளை, பிறர் பசியை முதன்முறையாக உணரலாம். செவ்விலக்கியம் சிறுவர்க்கு அளிக்கும் பயன் இதுவே. மொழிபெயர்ப்போரும் சுருக்குவோரும் ஆசிரியர்களும் எதனை வெட்டினாலும் அந்தப் பசியை வெட்டலாகாது.