கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம்

நெல்லியடியில் நம்மவர்கள் மிகச் சிலரே. எல்லோரும் எல்லோரையும் அறிவர். மந்திகை ஆதார வைத்தியசாலை வாசலில் நம் பெண்ணொருத்தி நின்றால், அஸர் தொழுகைக்கு முன் அந்தச் செய்தி கடைத்தெருவுக்கு வந்துவிடும். சாதாரண காய்ச்சல் என்றால் பாதகமில்லை. மனதில் நோய் என்றால்?

ஒரு சகோதரி என் மனைவியிடம் வந்தார். அவருடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். 1990 ஒக்டோபர் 30 அன்று, இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர் சிறுமி. வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர். புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்தவர். அந்த வாப்பா 2020 இறுதியில் கொரோனாவில் மௌத்தானார். 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை நம் நாட்டில் கொரோனா மையத்துகளை எரிப்பது கட்டாயமாக இருந்தது. குளிப்பாட்டவில்லை, கபனிடவில்லை, கப்று என்று சொல்ல ஓரிடமும் இல்லை. அன்று முதல் அவருக்கு நித்திரை இல்லை. அடுப்பில் தீ எரிவதைப் பார்த்தால் கை நடுங்குகிறது.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ ராத்தா" என்று சொல்லித்தான் அழுதாராம்.

நான் சொல்லியனுப்பியது என்ன? சபூர் செய்யுங்கள், யாஸீன் ஓதுங்கள், துஆக் கேளுங்கள். அவர் அனைத்தையும் செய்தார். மாதங்கள் சென்றன. நித்திரை வரவில்லை. ஒருநாள் என் மனைவி கேட்டார்: "அவ ஓதாமல் விட்ட நாளே இல்லை. காய்ச்சல் எண்டால் டொக்டரிட்டப் போகச் சொல்லியிருப்பீங்க தானே?" எனக்குப் பதில் இல்லை. ஓதச் சொன்னது தவறல்ல. அதோடு நின்றுவிட்டதே என் தவறு.

கடைசியில், கொழும்பில் உள்ள தமிழ் பேசும் பெண் உளவளத்துணையாளர் ஒருவரோடு போன் வழியாகப் பேச ஏற்பாடாயிற்று. "என்ன கேட்பார்கள்? எதைச் சொல்ல வேண்டும்?" என்று அச்சகோதரி பயந்தார். எங்களுக்கும் தெரியாது. விசாரித்து அறிந்தவற்றை, அவரைப் போன்ற மற்றச் சகோதரிகளுக்காக இங்கே தருகிறேன்.

மார்க்கம் தடுக்கிறதா?

கவலையை மனிதரிடம் சொல்வது ஈமானின் குறை என்று பலர் நினைக்கின்றனர். கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். கணவரால் தமக்கு நேர்ந்த துயரத்தை நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். அவரை யாரும் வாயை மூடச் சொல்லவில்லை. அவர் முறையீட்டை அல்லாஹ் செவியேற்றான். அதையொட்டியே முஜாதலா சூராவின் தொடக்க வசனங்கள் இறங்கின. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பிறந்த அறிஞர் அபூஸைத் அல்பல்கீ, உடலுக்கும் உள்ளத்துக்குமாக ஒரே நூலில் மருத்துவம் எழுதினார். கவலை, அச்சம், கோபம், வஸ்வாஸ் ஆகியவற்றுக்கும் அதில் சிகிச்சை கூறினார். இது நமக்குப் புதிய பாதையல்ல.

துணையாளர் முஸ்லிமாக இல்லாவிட்டால்? ஹிஜ்ரத் பயணத்தில் நபி (ஸல்) அவர்களுக்கும் அபூபக்கர் (ரலி) அவர்களுக்கும் வழி காட்டிய அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது முஸ்லிம் அல்லர். அவருக்குப் பாதை தெரியும், ரகசியத்தைக் காப்பார். இந்த இரண்டும்தான் பார்க்கப்பட்டன. நாமும் இந்த இரண்டையும் பார்ப்போம். பெண் துணையாளர் வேண்டுமென்று முதலிலேயே கேட்கலாம். தொழுகை, இத்தா, மஹ்ரம் போன்றவை உங்களுக்கு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

யாரை அழைப்பது?

உதவி இலக்கங்கள் வேறு, சிகிச்சை வேறு. 1926 தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழிலும் பேசலாம். 1333 இலவச ஆலோசனை இலக்கம். 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ அமைப்பினரும் பொறுமையாகக் கேட்பார்கள். மனம் தாங்காத வேளையில் இவற்றை அழைக்கலாம். சிகிச்சை என்பது ஒரே துணையாளரோடு, நாள் குறித்து, வாரா வாரம் தொடர்ந்து பேசுவது. அவர் எங்கே படித்தார், எவ்வளவு காலம் பணி செய்கிறார், கட்டணம் எவ்வளவு என்று கேட்பதில் வெட்கமில்லை.

முதல் நாள்

பேச்சு பெரும்பாலும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் நீடிக்கும். முதல் நாளில் சிகிச்சையை விடக் கேள்விகளே அதிகம். வயது, குடும்பம், நித்திரை, பசி, குடிக்கும் மருந்து, முன்னிருந்த நோய்கள் ஆகியவற்றை விசாரிப்பார். "உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்ததா?" என்றும் நேராகவே கேட்பார். பதற வேண்டாம், எல்லோரிடமும் கேட்பதுதான். வந்திருந்தால் மறைக்காதீர்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. சொல்வதால் பாரம் குறையும்.

இப்போது எந்த இடத்திலிருந்து பேசுகிறீர்கள், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்றும் கேட்பார். தூரத்தில் இருப்பவர் ஆபத்து வேளையில் உதவ வேறு வழி இல்லை. லைன் அறுந்தால் யார் திரும்ப எடுப்பது என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். முகம் காட்டத் தயக்கமென்றால் குரலில் மட்டும் பேசலாமா என்று கேளுங்கள். எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பதில்லை.

நீங்கள் சொல்வது அவரிடம் அமானத். கணவர் கேட்டாலும் மௌலவி கேட்டாலும் சொல்லமாட்டார். உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்குத் தீங்கு போன்ற சில சந்தர்ப்பங்கள் மட்டுமே விதிவிலக்கு. அவை எவை என்று தொடக்கத்திலேயே விளக்கச் சொல்லுங்கள்.

பின்வரும் வாரங்கள்

முதல் சில நாட்கள் பேசி முடித்தபின் களைப்பும் அழுகையும் கூடலாம். மூடியிருந்த புண்ணைக் கழுவும்போது எரிவதைப் போன்றது அது. மூச்சுப் பயிற்சி, நித்திரைக்கு நேர ஒழுங்கு, வரும் எண்ணங்களை எழுதிப் பார்ப்பது என்று வீட்டில் செய்யச் சில வேலைகள் தருவார். "கணவரை விட்டுவிடு", "மாமியாரை எதிர்த்து நில்" என்றெல்லாம் தீர்ப்புச் சொல்வது அவர் வேலையல்ல. நாலைந்து முறை பேசியும் மனம் ஒட்டவில்லையென்றால் வேறொருவரை நாடலாம். அது நன்றிகேடு அல்ல.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நேரில் பேசுவதைப் போலவே தூரத்திலிருந்து பேசுவதும் பலருக்குப் பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் இல்லாத குரல்கள் கேட்பது, நாட்கணக்கில் உண்ணாமல் உறங்காமல் இருப்பது, பிரசவித்த பெண் நிலைதடுமாறிப் பேசுவது ஆகியவற்றுக்குப் போன் போதாது. அரசாங்க வைத்தியசாலையின் மனநல வைத்தியரிடம் உடனே கொண்டுபோக வேண்டும். ஜின் பிடித்ததென்று நாட்களைக் கடத்தாதீர்கள். ஓதிப் பார்ப்பதை வைத்தியத்தோடு சேர்த்தே செய்யலாம்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

நம் வீடுகளில் பெண்ணுக்கென்று ஒரு அறையும் இல்லை, ஒரு மணி நேரமும் இல்லை. நமது சகோதரி முதல் முறை பேசியது சமையலறையில். மூன்று முறை கதவு தட்டப்பட்டது. "தேத்தண்ணி எங்கே?" என்று கேட்டவர் அவருடைய கணவர். இரண்டாவது வாரம் விஷயம் விளங்கி, லுஹர் தொழுகைக்குப் பின் அவரே பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துப் போனார். மருந்துக்குப் பணம் கொடுப்பதைப் போன்ற உதவிதான் இதுவும். என்ன பேசினாய் என்று துருவாதீர்கள். போனை எடுத்துப் பார்க்காதீர்கள். துருவி ஆராய்வதை அல்லாஹ் தடுத்திருக்கிறான்.

வீட்டில் அடி உதை இருந்தால், அடிப்பவர் வீட்டில் இல்லாத நேரத்தில் பேசுங்கள். பெண்களுக்கான 1938 இலக்கமும் இருக்கிறது.

அச்சகோதரிக்கு எல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. ஆனால் இப்போது இரவில் நாலைந்து மணி நேரம் உறங்குகிறார். வாப்பாவைப் பற்றி முதன்முறையாகப் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொன்னாராம்: ஊரைவிட்டு நடந்த அன்று அவர் கையை எப்படி இறுக்கிப் பிடித்திருந்தார் என்று. யாஸீனையும் விடவில்லை. "முன்னம் ஓதேக்க மனம் வேறெங்கேயோ நிக்கும். இப்ப ஓதுறது எனக்கே கேக்குது" என்றார்.

துயருற்ற ஒவ்வொரு சகோதரிக்கும் அல்லாஹ் ஷிபாவை அருள்வானாக. அதற்கான வழிகளை அடைக்காதவர்களாக நம்மையும் ஆக்குவானாக. ஆமீன்.