பில் இல்லாத கட்டிங் மெஷின்

"பில் போட்டா பதினெட்டு பர்சென்ட் சேரும்ங்ணா, வேணுங்களா?"

தாராபுரத்திலோ பல்லடத்திலோ ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு டிரில்லிங் மெஷினோ கட்டிங் மெஷினோ கேட்பவர் காதில் இந்தக் கேள்வி விழாமல் இருப்பது அரிது. "வேண்டாம்" என்ற பதிலும் அதே வேகத்தில் வந்துவிடுகிறது. நாலாயிரம் ரூபாய்ப் பொருளில் எழுநூறு ரூபாய் மிச்சம் என்பது வாங்குபவர் போடும் கணக்கு.

அந்தக் கணக்கு இரண்டு இடத்தில் தவறு. பெட்டியின் மேல் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரியும் சேர்ந்தது. அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய் கூடக் கேட்கக் கூடாது. இன்னொன்று, விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பதையே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற போர்டும் குறைபாடுள்ள பொருள் விஷயத்தில் செல்லாது. பில்லில் கெடு எதுவும் எழுதவில்லையென்றால் முப்பது நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே சட்டப்படி தவறு.

குண்டடம் வட்டாரத்தில் இது சின்ன விஷயம் அல்ல. கோழிப்பண்ணைக்குக் கூரை போடும் வெல்டர், பிளம்பர், தச்சர், டைல்ஸ் ஒட்டுபவர், வீட்டு முன்பகுதியில் நாலு தையல் மெஷின் போட்டுத் திருப்பூர் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்பவர் எனப் பலருக்கும் அவர்கள் கையில் இருக்கும் மெஷின்தான் முதலீடு. அது வாங்கிய ஆறாவது வாரத்தில் புகைந்து நின்றால், பழுதுபார்க்கும் செலவோடு கூலி போன நாட்களும் சேர்ந்துகொள்கின்றன. இவர்களில் பெரும்பாலோர் புகார் செய்வதே இல்லை. "தொழிலுக்கு வாங்குனதுக்கு கன்ஸ்யூமர் கோர்ட் செல்லாது" என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

அதில் பாதிதான் உண்மை. மீதியைத் தெளிவாக்கிய வழக்கு நம் கோவையோடு சம்பந்தப்பட்டது. 1990-ல் மகாராஷ்டிரத்தின் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற சிறு நிறுவனம், கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரம் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தது. தாமதமாக வந்தது, குறையும் இருந்தது என்று வழக்குப் போட்டது. மாநில நுகர்வோர் ஆணையம் இழப்பீடு தரச் சொன்னது, தேசிய ஆணையம் அதை ரத்து செய்தது. 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இந்த நிறுவனம் 'நுகர்வோர்' ஆகாது என்றே தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பில்தான் உழைப்பாளிக்கான வாசலும் திறந்தது. தன் பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோ வாங்குபவரும், தானே இயக்கக் கடைசல் இயந்திரமோ வேறு இயந்திரமோ வாங்குபவரும் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிரு ஆட்களை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. வேறொருவரை வைத்து ஓட்டுவதற்காக வாங்கினால் மட்டும் அவர் நுகர்வோர் அல்லர். சுயதொழில் மூலம் பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருள் வணிக நோக்கில் சேராது என்ற விளக்கம் 2019 சட்டத்திலும் இருக்கிறது.

எனவே ஒரு ஹெல்பரோடு வேலை செய்யும் வெல்டர் தாராளமாகப் புகார் கொடுக்கலாம். முப்பது மெஷின் போட்ட பனியன் கம்பெனி அந்த வாசலுக்குப் போக முடியாது. அதற்கு வாரண்டியும், 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டமும், சிவில் நீதிமன்றமும்தான் வழி. வெல்டர் தன் புகாரில், 'சுயதொழில் செய்து பிழைப்பதற்காக நானே இயக்க வாங்கினேன்' என்ற வரியை மறக்காமல் எழுத வேண்டும். பில் தன் சொந்தப் பெயரில் இருப்பது நல்லது.

இனி மெஷினைப் பார்ப்போம். நான் முதலில் பார்க்கச் சொல்வது அதன் உடம்பில் ஒட்டியிருக்கும் பெயர்ப்பட்டையை. குண்டடம் சனிக்கிழமைச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஆடு வாங்காத ஊர் இது. அந்தக் கவனம் இந்தப் பட்டைக்கும் வேண்டும். வோல்ட், வாட், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, மாடல் எண், தொடர் எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் இரட்டைக் காப்பு கொண்ட மெஷின், இரண்டு பின் பிளக் போதும். அந்தக் குறி இல்லாத இரும்பு உடம்புள்ள மெஷினுக்கு மூன்று பின்னும் எர்த்தும் கட்டாயம். பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தயாரித்த நாடு, மாதம், ஆண்டு, புகார் தொலைபேசி எண் இருக்க வேண்டும் என்பது விதி. இவை இல்லாத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

அப்படிப்பட்ட மெஷினை ஏற்கெனவே வாங்கி, அது காயமும் ஏற்படுத்திவிட்டது என்றால் என்ன செய்வது? தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளுக்கு, விற்ற கடைக்காரரே பொறுப்பு என்கிறது 2019 சட்டத்தின் பொருள் பொறுப்புப் பிரிவு. பெயரில்லாத சரக்கை அடுக்கி வைத்திருக்கும் கடைக்காரர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பேட்டரி டிரில் விஷயத்தில் ஏமாற்று அதிகம். '48விஎஃப்', '128விஎஃப்' என்றெல்லாம் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். 'விஎஃப்' என்று ஓர் அளவீடே கிடையாது. லித்தியம் செல் ஒன்று 3.6 வோல்ட். ஐந்து செல் சேர்ந்தால் 18 வோல்ட், முழுதாக ஏறிய நிலையில் 21 வோல்ட். இந்த வகையில் பலவற்றுக்குள் இருப்பது அதே ஐந்து செல்தான். எனவே வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் மட்டும் பாருங்கள்.

வீட்டுக்கா தொழிலுக்கா என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். மாதம் ஒருமுறை சுவரில் துளை போட வீட்டு உபயோக மாடல் போதும். அதையே நாள் முழுக்க வேலைக்கு எடுத்துப் போனால் ஆர்மேச்சர் கருகும், வாரண்டியும் கிடைக்காது. வீட்டு உபயோக மாடலைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் வாரண்டி செல்லாது என்று பல நிறுவனங்கள் அட்டையிலேயே எழுதியிருக்கின்றன. போஷ் நிறுவனம் வீட்டு மெஷினுக்குப் பச்சை, தொழில் மெஷினுக்கு நீலம் என்று நிறத்திலேயே பிரித்துவிட்டது. கார்பன் பிரஷ், சக், ஒயர் போன்ற தேயும் பாகங்கள் பொதுவாக வாரண்டியில் வராது. சர்வீஸ் சென்டர் தாராபுரத்தில் இருக்கிறதா, கோவை வரை போக வேண்டுமா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

மெஷின் மேல் பழி போடுகிறோம், பல நேரம் குற்றவாளி எக்ஸ்டென்ஷன் ஒயர். 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் முப்பது மீட்டர் இழுத்து கான்கிரீட் உடைக்கும் 2,000 வாட் பிரேக்கர் ஓட்டினால் வழியிலேயே ஏறத்தாழ 20 வோல்ட் போய்விடும். ஏற்கெனவே லோ வோல்டேஜ் உள்ள தோட்டத்தில் மோட்டார் திணறிச் சூடாகும். ஒயரில் ஐஎஸ் 694 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் போர்டில் மாட்டிவிடுங்கள். ஈரத்தில் நின்று மெஷின் பிடிப்பவரின் உயிரைக் காக்க இதைவிட நம்பகமானது வேறில்லை.

கட்டிங் வீலுக்கு வருவோம். கைகள் பறிபோவது இங்கேதான். நான்கு அங்குல ஹேண்ட் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை சுற்றும். ஏழு அங்குல வீல் தாங்குவது 8,500 சுற்று. அதைச் சின்ன மெஷினில் மாட்டினால் சிதறக்கூடும், சிதறினால் தோட்டாவைப் போல் பாயும். ஐந்து அங்குல வீலின் வேகம் ஒத்துப்போகும் என்றாலும், அது மெஷினின் பாதுகாப்பு மூடியான கார்டுக்குள் அடங்காது, துளையும் பெரிது. எனவே கார்டைக் கழற்றி, வாஷர் போட்டு மாட்டுகிறார்கள். தச்சர்கள் மார்பிள் கட்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டுவதும் இதே ஆபத்துதான். சர்க்குலர் சாவில் இருக்கும் தானாக மூடும் கீழ்க் கார்டு மார்பிள் கட்டரில் கிடையாது. வீலின் நடு வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். பொதுவாக அது தயாரித்ததிலிருந்து மூன்று ஆண்டு. காலாவதியான வீலை 'நல்லாத்தானே இருக்கு' என்று மாட்ட வேண்டாம்.

கார்டைக் கழற்றியவருக்குச் சட்டமும் துணை வராது. காயம் ஏற்பட்ட நேரத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ விற்பனையாளர் மேல் பொருள் பொறுப்பு வழக்குத் தொடுக்க முடியாது என்று அதே 2019 சட்டம் சொல்கிறது. விரலும் போய், வழக்கும் போகும்.

திருப்பூரில் 'கட்டிங் மெஷின்' என்றால் பலருக்கும் நினைவு வருவது துணி வெட்டும் மெஷின். அடுக்கிய துணியை நேர் பிளேடு அறுத்துக்கொண்டு போகும்போது, துணியைப் பிடித்திருக்கும் இடது கைதான் அதன் பாதையில் இருக்கிறது. கம்பி வலைக் கையுறை இதற்காகவே இருக்கிறது. 'வேகம் குறையுது' என்று அதைக் கழற்றச் சொல்லும் முதலாளியிடம், போட்டுக்கொண்டுதான் வெட்டுவேன் என்று கட்டிங் மாஸ்டர் சொல்லலாம், சொல்ல வேண்டும். கையுறை வாங்கித் தருவது முதலாளியின் கடமை. ஈஎஸ்ஐ-யில் சேர்ந்த தொழிலாளிக்கு வேலையில் காயம் பட்டால், ஓய்விலிருக்கும் காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இதற்கு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. காயம் பட்ட நாளிலேயே விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். ஈஎஸ்ஐ இல்லாதவர்கள் கட்டுமானம், தையல், விசைத்தறி, உடலுழைப்பு என அவரவர் தொழிலுக்கான தமிழ்நாடு அரசு நல வாரியத்தில் காயம் படுவதற்கு முன்பே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

மெஷின் கெட்டால் முதலில் கடைக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள், வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காமல் வையுங்கள். அவசரத்தில் வெளியே கொடுத்துக் காயில் கட்ட வேண்டாம். குறைபாட்டை நிரூபிக்க ஆணையம் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம், பிரித்துப் போட்ட மெஷின் சாட்சி சொல்லாது. ஆன்லைனில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எதுவும் நடக்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

அதற்கும் பலனில்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனி மும்பையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கெடு இரண்டு ஆண்டு.

இவை எல்லாவற்றுக்கும் ஆணையம் முதலில் கேட்கப்போவது பில். அடுத்த முறை கடையில் அந்தக் கேள்வி வரும்போது, "பில் வேணும்ங்ணா, மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் எழுதிக் குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் மெஷின் வாங்காதீர்கள்.