மிளகு போடாத மிளகு வாசம்

சிரா திராட்சையில் செய்த சிவப்பு ஒயினை முகர்ந்தால் பலருக்கு இடித்த மிளகின் வாசம் ஏறும். யாரும் அதில் மிளகு போடுவதில்லை. ரோட்டண்டோன் என்ற ஒரே மூலக்கூறின் வேலை அது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். மிளகிலும் மணப்பது அதுவே. நம் வயல்களில் களையாக மண்டும் கோரையின் கிழங்கில் அதை முன்பே கண்டெடுத்திருந்தார்கள். பத்து லட்சம் லிட்டர் ஒயினில் வெறும் 16 மில்லிகிராம் இருந்தாலும் மூக்கு பிடித்துவிடும். ஆனால் ஐந்தில் ஒருவருக்கு எவ்வளவு இருந்தாலும் பெரும்பாலும் எட்டாது. ஒரே கோப்பையை முகர்ந்துவிட்டு இருவர் சண்டை போட்டால் இருவர் சொல்வதும் சரியாக இருக்கக்கூடும்.

சிரா பாரசீகத்து ஷிராஸ் நகரிலிருந்து வந்த கொடி என்ற பழைய கதையை 1998இல் மரபணுச் சோதனை முடித்துவைத்தது. சிராவின் பெற்றோர் இருவருமே தென்கிழக்கு பிரான்சின் திராட்சை வகைகள்.

சிராவின் மிளகு மணம் பழத்தின் தோலில் இருக்கிறது. அதனால் தோலைப் பழுதில்லாமல் அறுவடைவரை கொண்டுசேர்க்க வேண்டும். ஈரத்தில் தொற்றும் அடிச்சாம்பல் நோய் அதற்கு விடாது. தென் பிரான்சில் இயற்கை முறையில் பயிரிடுபவர்கள் செயற்கைப் பூசணக்கொல்லியைத் தொட முடியாது. அவர்கள் கையில் இருப்பது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. போர்டோ பக்கத்துத் தோட்டக்காரர்கள் பழம் திருடுபவர்களை விரட்டத்தான் சாலையோரக் கொடிகளில் இதை அடித்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிராததைக் கவனித்த தாவரவியலாளர் மில்லார்தே, 1885இல் அதை மருந்தாகவே அறிவித்தார்.

ஆக, 'இயற்கை ஒயின்' என்றால் மருந்தே படாதது என்று நினைக்க வேண்டாம். போர்டோ கலவையில் உள்ள செம்பு மக்கிப்போகாது, மண்ணில் தங்கி மண்புழுவுக்கும் கேடு செய்யும். ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருப்பது அதனால்தான். ஒயினில் சேர்க்கும் கந்தகச் சேர்மங்களுக்கும் வரம்பு உண்டு: சர்க்கரை இல்லாத சாதாரணச் சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம், இயற்கை ஒயினுக்கு 100.

செம்பைக் குறைக்க உதவுவது காற்று. ரோன் பள்ளத்தாக்கில் இறங்கும் மிஸ்த்ரால், லாங்டாக் பகுதியின் மேற்கே வீசும் திரமோந்தான் இரண்டும் வறண்ட காற்றுகள். மழை ஓய்ந்ததும் இலையைச் சீக்கிரம் உலர்த்திவிடும். ஈரம் நிற்காத இலையில் அடிச்சாம்பல் நுழைய வழியில்லை. இயற்கை வேளாண்மை பிரான்சின் தெற்கில் இவ்வளவு பரவியதில் கொள்கைப் பிடிப்பைவிட இந்தக் காற்றுக்கே பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

சிக்கல் என்னவென்றால், இந்த வறண்ட காற்றோடு சேர்ந்து வரும் வெயில் மிளகையும் விரட்டுகிறது. சூடேறிய பழத்தில் ரோட்டண்டோன் குறைவு. அது வேண்டுமென்றால் மோன்பெலியே நகருக்கு வடக்கே பிக் சேன் லூ போன்ற மலையடிவாரத்துக்குப் போக வேண்டும். அங்கே இரவு குளிரும். ஆனால் மழையும் கூடுதல். மழை கூடினால் செம்பும் கூடும்.

ஒரே கொடியிலும் இதே இழுபறிதான். குலையைச் சுற்றி இலையைக் கிள்ளிவிட்டால் காற்று புகும், நோய் குறையும். ஆனால் வெயில் பட்டு மிளகு மணம் குன்றும். அதனால் பலர் இளவெயில் படும் கிழக்குப் பக்கத்து இலையை மட்டும் கிள்ளுகிறார்கள். மேற்குப் பக்கத்தைத் தொடுவதில்லை.