வெளிச்சவீடும் வர்க்கமூலமும்: சார்புகளைக் கூட்டினால் ஆட்சி என்னவாகும்?

[திரை: பாலமீன்மடு, வெளிச்சவீடு, பின்னால் கடல்]

மட்டக்களப்பு வாவி கடலைச் சந்திக்கும் முகத்துவாரத்துக்கு அருகே, பாலமீன்மடுவில், 1913இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கிறது. உயரம் 28 மீற்றர். விளக்கு எரியும் இரவில், கரை திரும்பும் படகுக்கு அது எவ்வளவு தூரத்தில் தெரியத் தொடங்கும்?

பூமி உருண்டை என்பதால் கோபுர உச்சியிலிருந்து கடற்பரப்பைத் தொட்டுச் செல்லும் கோடுதான் பார்வையின் எல்லை. அங்கே பைதகரஸ் தேற்றத்தைப் போட்டால், தூரத்தின் வர்க்கம் ஏறத்தாழ பூமியின் விட்டத்தையும் கோபுரத்தின் உயரத்தையும் பெருக்கியதற்குச் சமம். விட்டம் 12,742 கிலோமீற்றர். உயரம் உ மீற்றர் என்றால்:

[திரை: தூரம் = 3.57 × √உ கிலோமீற்றர்]

28 மீற்றருக்கு இது 18.9 கிலோமீற்றர். காற்று ஒளியைச் சற்று வளைப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும்.

இந்தச் சார்பின் ஆட்சி, அதாவது உ எடுக்கக்கூடிய பெறுமானங்கள், பூச்சியமும் அதற்கு மேலும். மறை எண்ணுக்கு மெய்யான வர்க்கமூலம் இல்லை. இதே கடலில் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் சுமார் 50 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. அங்கே நீந்தும் சுழியோடிக்கு உ = −50. அவருக்கு அடிவானமே கிடையாது. சூத்திரமும் விடை தர மறுக்கிறது.

இப்போது படகுக்கு வருவோம். மேல்தட்டில் நிற்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து 4 மீற்றர் உயரத்தில் இருந்தால், அவர் பக்கத்திலிருந்தும் ஒரு தூரம் சேர்கிறது.

[திரை: 3.57 × (√28 + √4) = 18.9 + 7.1 = 26 கிலோமீற்றர்]

பரீட்சைத் தாள்களில் அடிக்கடி வரும் பிழை இங்கேதான். உயரங்களை முதலில் கூட்டி √32 என்று எழுதினால் 20.2 கிலோமீற்றர்தான் கிடைக்கும். கிட்டத்தட்ட 6 கிலோமீற்றர் கடல் காணாமற்போகும்!

பெருக்கலில் வேறொரு பொறி. √உ × √உ = உ என்று சுருக்கலாம்; சரிதான். ஆனால் வெறும் ‘உ’ என்பது −50ஐயும் தயங்காமல் ஏற்றுக்கொள்ளும், மூலச் சார்புகளோ ஏற்கா. ஆகவே ஆட்சியைச் சுருக்குவதற்கு முன்பே குறித்துவைக்க வேண்டும்.

[திரை: முகத்துவாரம், மாரிகாலம்]

வடகீழ்ப் பருவமழையில் வாவி நிரம்பி, படுவான்கரை வயல்களில் வெள்ளம் ஏறும்போது, மணல்மேட்டை வெட்டி ஆற்றுவாயைத் திறந்துவிடுவது இப்பகுதி வழக்கம். வாவியின் நீர்மட்டம் வ, கடலின் மட்டம் க என்று வைத்தால், உராய்வைக் கணக்கில் எடுக்காதபோது நீர் வெளியேறும் வேகம் √(19.6 × (வ − க)). அரை மீற்றர் வித்தியாசம் இருந்தாலே செக்கனுக்கு 3.1 மீற்றர். கடல் உயர்ந்து நிற்கும்போது நீர் உள்ளே பாயும், அப்போது √(19.6 × (க − வ)).

இரண்டையும் கூட்டி ஒரே சார்பாக்கினால்?

முதலாவதற்கு வ ≥ க வேண்டும். இரண்டாவதற்கு வ ≤ க வேண்டும். கூட்டுச் சார்பு இரண்டு நிபந்தனைகளும் ஒருங்கே பொருந்தும் இடத்தில், அதாவது ஆட்சிகளின் இடைவெட்டில் மட்டுமே வாழும். இங்கே அது ஒரேயொரு புள்ளி: வ = க. அங்கே இரண்டு வேகங்களும் பூச்சியம். நீர் ஒரே நேரத்தில் உள்ளேயும் வெளியேயும் ஓடாது என்பதை இந்தக் கூட்டல் இப்படிச் சொல்கிறது. எந்தப் பக்கம் ஓடினாலும் வேகத்தின் அளவு வேண்டுமென்றால் வித்தியாசத்தின் தனிப்பெறுமானத்தை எடுக்க வேண்டும்: √(19.6 × |வ − க|). இதற்கு எல்லா மட்டங்களும் ஆட்சிக்குள் வந்துவிடும்.

[திரை: பயிற்சி]

உயர்தர மாணவர்களுக்கு ஒரு கணக்கு. கடல்மட்டம் த மீற்றர் உயர்ந்தால் விளக்கின் உயரம் 28 − த. கடலோரப் பரணில் இருப்பவரின் கண் 3 மீற்றரிலிருந்து 3 − த ஆகும். √(28 − த) + √(3 − த) இன் ஆட்சி என்ன? முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் அந்த ஆட்சியிலிருந்து எந்தப் பெறுமானம் விழுந்துபோகும்?