எதிரில் இருப்பவருக்கு உரிய பார்வை

மஃரிபுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வெளிவரும் இளைஞர்கள் நால்வர், தெருமுனைத் தேநீர்க் கடையில் ஒரே பெஞ்சில் அமர்கின்றனர். தொலைவிலிருந்து காண்போர், என்னே இவர்களின் நட்பு என்று மகிழ்வர். அருகில் சென்று பாருங்கள்! நால்வரின் தலைகளும் குனிந்திருக்கின்றன. நால்வரின் கைகளிலும் கைப்பேசி ஒளிர்கின்றது. தோள்கள் உரசிக் கொண்டிருக்க, உள்ளங்களோ வெவ்வேறு இடங்களில் உலவுகின்றன.

அவர்களுள் ஒருவன் அன்று ஒரு கவலையைச் சுமந்து வந்திருக்கலாம். தந்தையின் நோயோ, தேர்வில் தோல்வியோ, வேலை கிடைக்காத ஏக்கமோ, யாதேனும் ஒன்று. இருமுறை பேச்சைத் தொடங்குகின்றான். "ம்... சொல்லு" என்று குரல் மட்டும் வருகின்றது, முகம் நிமிரவில்லை. "ஒன்றுமில்லை" என்று கூறி எழுந்து போகின்றான். எவரும் அவனைக் கடிந்து பேசவில்லை. எனினும் அவன் புண்பட்ட நெஞ்சத்தோடுதான் வீடு திரும்புகின்றான்.

உடனிருப்போரைப் புறக்கணித்துக் கைப்பேசியில் ஆழ்ந்துவிடும் இப்பழக்கத்திற்கு, 2012-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் 'ஃபப்பிங்' என்று புதுப்பெயரே சூட்டிவிட்டார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நண்பரோடும் குடும்பத்தாரோடும் உணவருந்த வந்த 300-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து, 2018-இல் முடிவை வெளியிட்டனர். கைப்பேசியை மேசைமீது வைத்திருந்தவர்களின் கவனம் கூடுதலாகச் சிதறியது. அதை எடுத்து வைத்துவிட்டவர்களைவிட அவர்கள் துய்த்த மகிழ்ச்சியும் குறைந்திருந்தது. வேறுபாடு பெரிதன்று. ஆனால், நாள்தோறும் சிறிது சிறிதாகக் கசியும் குடம் ஒரு நாள் வெறுங்குடமாகி விடுமன்றோ?

இதனினும் கவலைக்குரிய செய்தி ஒன்றுண்டு. இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிறரை இவ்வாறு புறக்கணிப்போரும், பிறரால் புறக்கணிக்கப்படுவோரும் நாளடைவில் இதனை இயல்பானதென்றே கருதத் தலைப்படுகின்றனர். தீய வழக்கம் ஒன்று வழக்கமாகவே நிலைத்துவிடும் விதம் இதுதான்.

வாசக அன்பர்களே! கைப்பேசி நேற்று வந்தது. உடனிருப்போருக்குச் செலுத்த வேண்டிய கடமையோ பழையது. மூவர் கூடியிருக்கையில், ஒருவரை விட்டுவிட்டு மற்ற இருவர் தமக்குள் இரகசியம் பேசலாகாது. அது அவருக்கு மனவருத்தம் தரும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கின்றார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்ற செய்தி இது. எதிரில் இருப்பவனை விட்டுவிட்டு, எங்கோ இருப்பவனோடு விரலால் உரையாடுவதும் அத்தகைய வருத்தத்தைத் தருவதல்லவா?

நஸயீ நூலில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று இன்னும் நெருக்கமானது. பெருமானார் (ஸல்) அவர்கள் மோதிரம் ஒன்றை அணிந்திருந்தார்கள். தம் பார்வை ஒருமுறை அதன்மீதும் ஒருமுறை தோழர்கள்மீதுமாகச் சென்று, தோழர்களை விட்டுத் தம் கவனத்தை அது திருப்பிவிட்டதென்று கூறி, அதனைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். ஒரு சிறு மோதிரம் பறித்த கவனத்தையே அவர்கள் பொறுக்கவில்லை! நாமோ, பார்வையைப் பறிப்பதற்கென்றே ஒலித்து மின்னும் கருவியை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நட்பு பேசுகின்றோம்.

கைப்பேசியை எறிந்துவிடுங்கள் என்று எவரும் கூறவில்லை. கடல் கடந்து உழைக்கும் மகனின் முகத்தைத் தாய்க்குக் காட்டுவதும் அதுவேயன்றோ? அதற்குரிய நேரத்தில் அது பயன்படட்டும். நண்பன் வந்தமர்ந்தால் சட்டைப்பைக்குள் போகட்டும். இன்றியமையா அழைப்பு வந்தால், "பொறுத்துக்கொள், பேசிவிட்டு வருகிறேன்" என்று சொல்லி எழுந்து செல்வது பண்பு.

பெற்றோரே! இப்பாடம் தேநீர்க் கடையில் தொடங்குவதில்லை. நம் வீட்டு உணவு விரிப்பில் தொடங்குகின்றது. ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும்போது தந்தையின் இடக்கையில் கைப்பேசி இருக்குமாயின், மகனுக்கு எதைச் சொல்லித் திருத்துவது? இன்றிரவு முதல் அதனை வேறோர் அறையில் வைத்துவிட்டு அமருங்கள். "ஒன்றுமில்லை" என்று எழுந்து சென்ற பிள்ளை நம் வீட்டிலும் இருக்கக்கூடும். அவன் முகத்தைப் பார்த்து, "என்னப்பா விஷயம்?" என்று கேளுங்கள்.