0055-க்கும் 2055-க்கும் நடுவே

கருமத்தம்பட்டிப் பக்கம் ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டிச் சிக்கினால் அபராதம் 1,000 ரூபாய். போலீஸ்காரர் கையிலிருக்கும் கருவியில் வண்டி எண்ணைத் தட்டியதும் செலான் வந்துவிடும். கட்டிவிட்டுச் சோமனூர் நோக்கி வண்டியைக் கிளப்பும்போது மனதில் ஒரு கணக்கு ஓடும்: இதில் ஸ்டேஷனுக்கு எவ்வளவு, கோர்ட்டுக்கு எவ்வளவு? இரண்டுக்கும் நேரடிப் பங்கு பூஜ்யம் என்பதுதான் விடை. அந்தப் பூஜ்யத்தைக் காப்பாற்ற ஒரு பெரிய ஏற்பாடே இயங்குகிறது.

மாநில அரசுக்கும் ஒரு வங்கிக் கணக்கு வேண்டுமல்லவா? அதை வைத்திருப்பது ரிசர்வ் வங்கி. அரசுக்காகப் பணம் வாங்கும் வங்கிகள் வசூலை ரிசர்வ் வங்கியின் மத்தியக் கணக்குப் பிரிவுக்குத் தெரிவிக்கின்றன. அந்தப் பிரிவு இருப்பது நாக்பூரில். கொங்கு நாட்டுச் சாலையில் கட்டிய அபராதம் மகாராஷ்டிரத்தில் வரவாகிறது.

அடுத்து அந்தப் பணத்துக்கு ஓர் எண் கிடைக்கிறது. அரசின் ஒவ்வொரு வரவுக்கும் செலவுக்கும் ‘கணக்குத் தலைப்பு’ உண்டு. எந்த இனத்துப் பணம் என்று சொல்லும் நான்கு இலக்க எண் அது. காவல்துறை வரவு 0055. அதன் உட்பிரிவு 103-இல் கட்டணமும் அபராதமும் அடங்கும். அபராதத்தை நீதிமன்றம் விதித்திருந்தால் 0070, அதாவது நீதி நிர்வாகம் முதலான இனங்களின் வரவு. 1987 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் இதே முறைதான். இதில் ஒரு அழகு: முதல் இலக்கத்தோடு இரண்டு கூட்டினால் 2055, காவல்துறையின் நடப்புச் செலவு. இன்னும் இரண்டு கூட்டினால் 4055, காவல்துறைக் கட்டடம் போன்ற மூலதனச் செலவு. நீதித்துறை மட்டும் இந்த வாய்ப்பாட்டுக்குள் அடங்காமல் 2014-இல் செலவு எழுதுகிறது.

0055-இல் நுழைந்த பணம் நேராக 2055-க்குத் தாவ முடியாது. நடுவில் இருப்பது தொகு நிதி, அதாவது மாநிலத்தின் எல்லா வருவாயும் சேரும் ஒரே நிதியம். அரசியலமைப்பின் 266-ஆம் பிரிவு அதை உண்டாக்கியது. 204-ஆம் பிரிவோ, சட்டமன்றம் சட்டம் இயற்றி ஒதுக்காமல் அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது என்கிறது. சூலூர்க் குளத்தில் கலந்தபின் எது நொய்யல் ஆற்றுத் தண்ணீர், எது மழைத் தண்ணீர் என்று பிரிக்க முடியுமா? அபராதமும் அப்படித்தான் கலந்துவிடுகிறது. உயர் நீதிமன்றத்துக்கும் விலக்கு இல்லை. அது வாங்கும் கட்டணமும் பிற பணமும் தொகு நிதியின் பகுதியே என்று 229-ஆம் பிரிவு தனியாகச் சொல்கிறது.

இத்தனை வேலி எதற்கு? வேலி இல்லாத ஊர்களைப் பார்த்தால் புரியும். மதுவிலக்குக் காலத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், நார்த் காலேஜ் ஹில் என்ற சிற்றூரில் மேயரே நீதிபதி. மது வைத்திருந்தவருக்கு 100 டாலர் அபராதம் விதித்த ஒரு வழக்கில், மேயருக்குச் சம்பளத்துக்கு மேல் 12 டாலர் கிடைத்தது. குற்றவாளி என்றால் பணம். விடுதலை என்றால் ஒன்றுமில்லை. 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இது நீதியே ஆகாது என்றது. அதோடு நோய் தீரவில்லை. மிசூரி மாநிலத்து ஃபெர்குசன் நகரின் பொது வருவாயில் அபராதமும் கட்டணமும் 2010-இல் எட்டில் ஒரு பங்கு. 2015 பட்ஜெட்டில் அது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அங்கே காவல்துறையும் நீதிமன்றமும் வருவாயைக் குறிவைத்து நடந்ததாக அந்நாட்டு நீதித்துறை அமைச்சகமே 2015-இல் அறிக்கை வெளியிட்டது.

அபராதம் தண்டனை, வழக்குப் போடக் கட்டும் கோர்ட் ஃபீஸ் சேவைக்கான கட்டணம். அதற்கு விதி இன்னும் நுட்பமானது. சென்னை மாநிலத்தின் 1955-ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தைப் பற்றிய ஜெனித் லாம்ப்ஸ் வழக்கில், கட்டணத்துக்கும் சிவில் நீதி நடத்த ஆகும் செலவுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். பொது வருவாயைப் பெருக்குவதற்காக அதை உயர்த்தக் கூடாது. 2017-இல் தமிழ்நாடு இந்தக் கட்டணத்தை 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. 10 லட்சம் ரூபாய் நூல் பாக்கிக்கு வழக்குப் போடும் வியாபாரி முன்பு 75,000 ரூபாய் கட்டியிருப்பார். இப்போது 30,000 போதும்.

கட்டிய பணம் திரும்பியும் வரும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் முழுக் கட்டணமும் வாபஸ். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகவே பேசி முடித்தவர்களுக்கு? சென்னை உயர் நீதிமன்ற நிர்வாகமே எதிர்த்து மேல்முறையீடு செய்தும், அவர்களுக்கும் உண்டு என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குளத்துக்கே போகாத அபராதமும் உண்டு. விசைத்தறி ஊர்களுக்குப் பழக்கமான செக் ரிட்டர்ன் வழக்கையே எடுங்கள். 2 லட்சம் ரூபாய் செக் திரும்பினால், கொடுத்தவருக்கு 4 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். வசூலான தொகையைப் பணம் இழந்தவருக்கே இழப்பீடாகத் தரும்படி மேஜிஸ்ட்ரேட் உத்தரவிட முடியும்.

வாகன அபராதத்துக்கும் ஒரு திரும்பும் வழி இருக்கிறது: தமிழ்நாட்டின் சாலைப் பாதுகாப்பு நிதி. அபராத வசூலைக் கணக்கில் கொண்டு அரசு அதற்கு ஒதுக்குகிறது. அந்தப் பணமும் பட்ஜெட் வழியாகத்தான் வர வேண்டும். மடக்கியவர் கைக்கு வராது.

இந்த ஏற்பாட்டின் மிகச் சிறிய உறுப்பு, நீங்கள் கேட்டு வாங்கும் ரசீது. செலான் எண் விழாத பணத்துக்குத் தலைப்பு இல்லை, நாக்பூர் இல்லை, சட்டமன்றம் இல்லை. 1,000 ரூபாய் அரசுப் பணமாவது அந்த எண் விழும் நொடியில்தான்.