போனில் வழி பார்க்கிறது எப்படி? லண்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு



ஒரு தம்பிக்கு நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறோம். அவர் லண்டனுக்கு வந்து இரண்டு கிழமைதான். காலை 10 மணிக்கு சொலிசிற்றரைப் பார்க்க வேண்டும். ஒஃபிஸ் இருந்தது எட்ஜ்வெயார் ரோட் ஸ்ரேஷனுக்குப் பக்கத்தில், பாடிங்ரனுக்கு அருகே, நகரின் நடுப்பகுதியில். தம்பி போனில் 'எட்ஜ்வெயார்' என்று அடித்தார். முதலில் வந்த பெயரை அமத்தினார். போன் சொன்னபடி ரியூப் எடுத்தார், சொன்ன நேரத்துக்கே இறங்கினார். இறங்கிய இடம் எட்ஜ்வெயார். அது நோர்தேர்ண் லைனின் வடக்கு அந்தம். எட்ஜ்வெயார் ரோட் என்பது வேறு இடம். திரும்பிப் போய்ச் சேரும்போது சொலிசிற்றர் அடுத்த ஆளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், போன் பிழை விடவில்லை. கேட்ட இடத்துக்குச் சரியாகத்தான் கொண்டுபோனது. பிழை கேட்ட விதத்தில். 'எந்த மாப் திறம்?' என்று கனபேர் எங்களிடம் கேட்கிறார்கள். அதற்கும் கீழே பதில் சொல்கிறோம். ஆனால் எந்த மாப்பை வைத்திருந்தாலும் அதற்கு மூன்று விஷயம் தெரியாது: நீங்கள் உண்மையில் எங்கே போக வேண்டும், உங்கள் கையில் எவ்வளவு காசு இருக்கிறது, பிந்தினால் உங்களுக்கு என்ன நடக்கும். இந்த மூன்றையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் போஸ்ற்கோட்

ஊரில் என்றால் 'கோயிலடியில் இறங்கி, சந்தியால் திரும்பு' என்று சொன்னால் காணும். இங்கே அது சரிவராது. ஒரே பெயரில் பல வீதிகள் இருக்கின்றன. உதாரணத்துக்கு, மனோர் பார்க் முருகன் கோயில் இருப்பது சேர்ச் ரோட்டில். அதன் போஸ்ற்கோட் இ 12 என்று தொடங்கும். ஆனால் லேய்ட்டனிலும் ஒரு சேர்ச் ரோட் உண்டு, அது இ 10. வில்ஸ்டன் பக்கத்தில் இன்னொன்று, அது என்டபிள்யூ 10. தெற்கே கிறிஸ்டல் பலஸ் பக்கத்தில் எஸ்ஈ 19இலும் ஒன்று உண்டு. வீதியின் பெயரை மட்டும் அடித்தால் போன் எதையும் காட்டலாம்.

ஆகவே கடிதத்தில் இருக்கும் போஸ்ற்கோட்டை முழுவதுமாக அடியுங்கள். பெயரைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். இலக்கத்தைப் பார்த்துத் தூரத்தையும் ஊகிக்க வேண்டாம். இ 4 என்பது இ 6ஐ விட நகருக்குக் கிட்ட என்று நினைப்பீர்கள். ஆனால் இ 4 என்பது சிங்போர்ட், லண்டனின் வடகிழக்கு ஓரம். இ 6 ஈஸ்ட்ஹாம். 1917இல் இந்த இலக்கங்களைக் கொடுத்தபோது ஒவ்வொரு பகுதியிலும் 1ஆம் இலக்கத்துக்குப் பிறகு இடங்களின் பெயரை ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கினார்கள். தூரத்துக்கும் இலக்கத்துக்கும் தொடர்பில்லை.

இன்னொரு விஷயம். ஒரு போஸ்ற்கோட்டுக்குள் சராசரியாக 15 விலாசங்கள் இருக்கும். எனவே போஸ்ற்கோட் உங்களை வீதிக்குக் கொண்டுபோகும், வாசலுக்குக் கொண்டுபோகாது. கட்டட இலக்கத்தையும் பெயரையும் சேர்த்து அடியுங்கள். பெரும்பாலான வீதிகளில் ஒற்றை இலக்கங்கள் ஒரு பக்கமும் இரட்டை இலக்கங்கள் மறுபக்கமும் இருக்கும்.

நமது ஆட்களுக்கு முக்கியமான ஓர் உதாரணம். குடிவரவு வழக்குகளைக் கேட்கும் ட்ரிபியூனல் ஒன்று ஹற்றன் குறொஸ் என்ற பெயரில் இருக்கிறது. ஹற்றன் என்றதும் எங்களுக்கு மலைநாடு ஞாபகம் வரும். லண்டனில் ஹற்றன் குறொஸ் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில். ஆனால் நகரின் நடுவே ஹற்றன் கார்டன் என்று நகைக்கடைத் தெரு ஒன்றும் உண்டு. அதிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே ரெய்லர் ஹவுஸ் என்ற இன்னொரு ட்ரிபியூனல் இருக்கிறது! பெயரை அரைகுறையாக அடித்தால் லண்டனின் மறுபக்கத்தில் நிற்பீர்கள். கடிதத்தில் எந்த ட்ரிபியூனல், என்ன போஸ்ற்கோட் என்று வடிவாகப் பாருங்கள்.

எந்த மாப் எதற்கு?

எல்லாம் இலவசமாக எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்டித்தனம் உண்டு.

• கூகுள் மாப்ஸ்: விலாசம் தேடுவதற்கு இதுதான் வசதி. இதில் ஸ்ட்ரீட் வியூ என்ற பகுதியில் வீதியைப் படமாகவே பார்க்கலாம். கட்டடத்தின் முகப்பு, கதவின் நிறம், பக்கத்துக் கடை எல்லாம் தெரியும். காசு செலவழித்து முதல் நாளே போய்ப் பார்ப்பதற்குப் பதிலாக, வீட்டில் இருந்தே வாசலைப் பார்த்து வைக்கலாம். படம் பழையதாக இருக்கலாம், கடைப் பெயர் மாறியிருக்கலாம், கவனம்.

• டிஎப்எல் கோ: இது லண்டன் போக்குவரத்து நிர்வாகத்தின் சொந்தச் செயலி. 2020இல் வந்தது. ரியூப் ஓடுகிறதா, எந்த லைன் மூடியிருக்கிறது, பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்பதற்கு இதைப் பாருங்கள். சனி, ஞாயிறுகளில் திருத்த வேலைக்காக லைன்களை மூடுவது இங்கே வழக்கம். பிள்ளை வண்டியோடு போகிறவர்களுக்கும் நடக்க ஏலாதவர்களுக்கும் படி இல்லாத வழியைக் காட்டும்.

• சிற்றிமாப்பர்: லண்டனில் 2011இல் தொடங்கியது, முதலில் பஸ்ஸுக்கு மட்டும்தான் இருந்தது. பஸ், ரெயின் மாறிப் போகிற பயணத்துக்கு இது நல்லது. எந்தத் தரிப்பில் ஏற வேண்டும், ரெயினில் எந்தப் பெட்டியில் ஏறினால் வெளியேறும் வாசல் கிட்ட என்பதைக்கூடச் சொல்லும். சில கூடுதல் வசதிகளுக்குக் காசு கேட்கும். இலவசப் பகுதியே உங்களுக்குக் காணும்.

• அப்பிள் மாப்ஸ்: ஐபோனில் ஏற்கனவே இருக்கும். 2012இல் இது வந்தபோது இடங்களைப் பிழையாகக் காட்டி, அந்த நிறுவனத்தின் தலைவரே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 'அது சரிவராது' என்று பழைய ஆட்கள் சொல்வது அந்தக் காலத்துக் கதை. இப்போது லண்டனில் நன்றாகவே வேலை செய்கிறது.

• ஓகானிக் மாப்ஸ்: இன்ரர்நெற் இல்லாமலே நடக்கும் வழியைக் காட்டும். தொண்டர்கள் சேர்ந்து வரைகிற ஓபன் ஸ்ட்ரீட் மாப் என்ற வரைபடத்தில் ஓடுகிறது. அந்த வரைபடமும் 2004இல் லண்டனில் பிறந்ததுதான். ஆனால் பஸ் நேரத்துக்கு இதை நம்ப வேண்டாம்.

எங்கள் ஆலோசனை: கூகுளில் வாசலைப் பாருங்கள், டிஎப்எல் கோவிலோ சிற்றிமாப்பரிலோ பயணத்தைப் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் புறப்படுங்கள். வேறு வேறு இடத்தைக் காட்டினால் போஸ்ற்கோட்டைத் திரும்பவும் பாருங்கள்.

பெயர்கள் குழப்பினால்

நண்பர் 'ஓவர்கிரவுண்ட் எடு' என்பார். போனில் வேறு பெயர் தெரியலாம். 2024 நவம்பரில் ஓவர்கிரவுண்ட் லைன்களுக்கு ஆறு புதுப்பெயர் வைத்தார்கள். உதாரணமாக, வெஸ்ற் குரோய்டன் போவது இப்போது விண்ட்ரஷ் லைன். அதேபோல ஈஸ்ற் குரோய்டன், வெஸ்ற் குரோய்டன் இரண்டும் வேறு வேறு ஸ்ரேஷன்.

எழுத்து ஒன்று, உச்சரிப்பு இன்னொன்றாகவும் இருக்கும். 'சவுத்வார்க்' என்று எழுத்துக்கூட்டி வாசிப்பதை இங்கே 'சதக்' என்பார்கள். 'கிரீன்விச்' என்பது 'கிரெனிச்'. யாரிடமாவது கேட்பதென்றால் வாயால் சொல்வதை விட எழுதிக் காட்டுவது நல்லது. போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தாலும் வீதிப் பலகைகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆங்கில எழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீலப் புள்ளி எவ்வளவு சரி?

மாப்பில் தெரியும் நீலப் புள்ளிதான் நீங்கள். வானம் திறந்திருக்கும் இடத்தில் இது சுமார் 5 மீற்றருக்குள் சரியாக இருக்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சற்றலைற் சிக்னல் சுவரில் பட்டுத் தெறிப்பதால் புள்ளி அடுத்த தெருவுக்கே பாய்ந்துவிடும். நிலத்துக்குக் கீழே அந்தச் சிக்னல் வராது. புள்ளியைச் சுற்றிப் பெரிய வெளிர்நீல வட்டம் தெரிந்தால், 'எனக்கும் நிச்சயமில்லை' என்று போன் சொல்வதாக எடுங்கள்.

ரியூப்பால் மேலே வந்ததும் அவசரப்பட்டு நடக்க வேண்டாம். ஒரு நிமிடம் நில்லுங்கள். பத்துப் பன்னிரண்டு அடி நடந்து பாருங்கள். புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால் நீங்கள் போகும் திசை சரியா என்று தெரியும்.

பஸ் தரிப்பிலும் கவனம். சந்தையடி, ஸ்ரேஷனடி போன்ற இடங்களில் ஒவ்வொரு தரிப்பின் தலைப்பிலும் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். போன் சொல்லும் எழுத்தும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். ஒரே இலக்க பஸ் இரண்டு பக்கமும் ஓடும். வீதியின் பிழையான பக்கத்தில் ஏறினால் எதிர்த் திசையில் போவீர்கள்.

காசுக்கணக்கு

மாப் எப்போதும் வேகமான வழியைத்தான் முதலில் காட்டும். மலிவான வழியை அல்ல. சாப்பாடு தரும் விடுதியில் இருப்பவர்களுக்கு 2025இல் கிடைத்த உதவி கிழமைக்கு 9.95 பவுண். அதே ஆண்டில் பெரியவர்களுக்கான பஸ் கட்டணம் 1.75 பவுண். ஐந்து பஸ் பயணத்தோடு கிழமைக்காசு முடிந்துவிடும். ரியூப் இதைவிடக் கூட.

ஆகவே டிஎப்எல் கோவிலும் சிற்றிமாப்பரிலும் 'பஸ் மட்டும்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். மூன்று பஸ் மாற வேண்டி வந்தாலும் பயப்பட வேண்டாம். முதல் பஸ்ஸில் கார்ட்டைத் தொட்டதில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறும் பஸ், ட்ராம் எல்லாம் அதே ஒரு கட்டணத்துக்குள் அடங்கும். ஒரே கார்ட்டைத்தான் பாவிக்க வேண்டும். லண்டன் பஸ்ஸில் 2014 யூலையில் இருந்து காசு வாங்குவதில்லை. 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு பஸ் இலவசம்.

கையெழுத்து வைக்கப் போகிறவர்களுக்கு: உதவிப்பணத்தில் இருப்பவரின் வீடு கையெழுத்து வைக்கும் இடத்தில் இருந்து 3 மைலுக்கு மேல் என்றால் ஹோம் ஒஃபிஸிடம் பயண ரிக்கற் கேட்கலாம். மாப்பில் நடைவழித் தூரத்தைப் பார்த்து, அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் தானாகக் கிடைக்கும் என்று இருக்க வேண்டாம்.

டேற்றா முடிந்துவிட்டால்?

விடுதியிலோ லைப்ரரியிலோ வைபை இருக்கும்போதே லண்டன் மாப்பை இறக்கி வையுங்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கூகுளில் இறக்கி வைத்த மாப், இன்ரர்நெற் இல்லாதபோது கார் வழியை மட்டும்தான் சொல்லும். பஸ்ஸும் நடையும் சொல்லாது. வீதிப் படத்தில் உங்கள் நீலப் புள்ளி மட்டும் தெரியும். அதற்காகத்தான் ஓகானிக் மாப்ஸையும் வைத்திருங்கள் என்கிறோம்.

முக்கியமான நாளுக்கு முதல் நாள் செய்ய வேண்டியவை

இன்ரவியூ, கையெழுத்து, ட்ரிபியூனல், டொக்டர் எதுவாக இருந்தாலும்:

1. கடிதத்தைப் பார்த்து முழு விலாசத்தையும் போஸ்ற்கோட்டையும் அடியுங்கள். ஞாபகத்தில் அடிக்க வேண்டாம்.
2. 'இப்போது புறப்படு' என்பதை மாற்றி, போய்ச் சேர வேண்டிய நாளையும் நேரத்தையும் கொடுங்கள். இரவு 9 மணிக்குப் பார்த்த வழி காலை 8 மணிக்குச் சரியாக இராது.
3. சொன்ன நேரத்தை விட அரை மணித்தியாலம் முந்திச் சேருகிற மாதிரிப் பாருங்கள். வாசலில் பையைச் சோதிக்கும் வரிசை மாப்புக்குத் தெரியாது. பிள்ளைகளோடு நடக்கும் வேகமும் தெரியாது.
4. ஸ்ட்ரீட் வியூவில் வாசலைப் பாருங்கள்.
5. வழியை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பஸ் இலக்கம், இறங்கும் தரிப்பு, விலாசம், போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு துண்டுக் கடதாசியிலும் எழுதுங்கள். பற்றரி முடிந்தாலும் கடதாசி முடியாது.
6. போனை முழுதாக சார்ஜ் பண்ணுங்கள்.
7. இருட்டிய பிறகு பார்க்குக்குள்ளாலும் வாய்க்கால் கரையாலும் காட்டும் குறுக்குவழியை விட்டு, வெளிச்சமான பெரிய ரோட்டால் போங்கள்.

வழி தவறிவிட்டால்

வெட்கப்பட வேண்டாம். இந்த ஊரில் பிறந்தவர்களும் வழி தவறுகிறார்கள். பஸ் ட்ரைவரிடமோ ஸ்ரேஷன் ஊழியரிடமோ கடிதத்தில் உள்ள விலாசத்தைக் காட்டுங்கள். பிந்தப் போகிறீர்கள் என்று தெரிந்த உடனேயே, அந்த இடத்தில் நின்றபடியே, கடிதத்தில் உள்ள நம்பருக்கோ உங்கள் சொலிசிற்றருக்கோ அடித்துச் சொல்லுங்கள். அடித்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? அகதி விண்ணப்ப இன்ரவியூவுக்குக் காரணம் சொல்லாமல் போகாவிட்டால், விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டதாக ஹோம் ஒஃபிஸ் எடுத்துக்கொள்ள இடமுண்டு. போன் பிழையான ஸ்ரேஷனுக்குக் கொண்டுபோனது என்று வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் படுக்காதீர்கள். பிந்தியாவது போய் வாசலில் நில்லுங்கள். வந்தேன் என்பதைப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்ட்ரீட் வியூ பார்க்கத் தெரியாதவர்கள், மாப் இறக்கத் தெரியாதவர்கள் அடுத்த முறை எங்களிடம் வரும்போது போனையும் கடிதத்தையும் கொண்டுவாருங்கள். பக்கத்தில் இருந்து காட்டித் தருகிறோம். பழகியவர்கள், விடுதியில் புதிதாக வந்திருக்கும் ஓர் ஆளுக்காவது காட்டிக் கொடுங்கள்.

கவனமாகப் போய் வாருங்கள்.